வாட்டம்

முதல் நாள் முழுக்கத் தட்டித் தட்டித்தான் பார்த்தேன்.
கரண்டியின் கட்டைப் பிடியால்
ஒவ்வொரு டைலாக.
ஒட்டியிருப்பது 'டிக்' என்றது.
விட்டுப்போனது,
வெந்த கறுப்பு ரொட்டியை
அடியில் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.
ரொட்டிக்கு அது நல்ல சேதி.

தார்த்து நகரம், நாலாவது மாடி,
வெளியே மைனஸ் பதினான்கு.
நடைவழியில் பதினொரு பெட்டிகள்,
பிரிக்காத பச்சை டைல்ஸ்.
அவற்றைத் தாண்டித் தாண்டி வந்து
ஹெல்துர் கேட்கிறார்:
"எப்போது ஒட்டுவீர்கள், மாரிக்கா?"
ஒட்டுவது கடைசி இரண்டு நாள் வேலை, ஐயா.
கதவைச் சாத்துங்கள், தூசி.

ஏழு வருஷத்துக்கு முன்னால்
தொட்டியைத் தூக்கிவிட்டு ஷவர் வைத்த மகராசன்
பழைய டைல்ஸ் மேலேயே
புதிய டைல்ஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
இரண்டு தோல் உரித்தேன்.
அடியில் எண்ணெய்ப் பெயிண்ட், அதன் அடியில் ஓதம்.
குழாய் இறங்கும் ஓட்டையில்
சுருட்டி அடைத்த செய்தித்தாள்,
எந்த வருஷத்துச் செய்தி என்று பார்ப்பதற்குள்
விரலில் கூழாகிவிட்டது.
மூலையில் சிமெண்ட்டைக் கிள்ளினால்
நனைந்த சர்க்கரை மாதிரி வந்தது.

இரண்டு மீட்டர் கட்டையைச் சுவரில் சாய்த்தேன்.
சுவருக்குத் தொப்பை.
ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன்.
குமிழி ஓடி
வடிகால் பக்கமே போய் நின்றது.

அதாவது மேடு அங்கே.
பள்ளம் கதவு மூலையில்,
செய்தித்தாள் அடைத்த ஓட்டையில்.
நீரைக் குறை சொல்ல முடியாது.
காட்டிய வழியில்தான் போயிருக்கிறது,
ஏழு வருஷமும்,
மூன்றாவது மாடி விர்வே அம்மாள் வீட்டுக் கூரைக்கு.

அவர் அனுப்பிய கடிதங்களை
ஹெல்துர் ரொட்டி டப்பாவில் வைத்திருந்தார்.
இவர் கொடுத்த பணத்தை
அவர் உறையைப் பிரிக்காமலே திருப்பியிருந்தார்.
பிறகு கடிதமும் இல்லை, உறையும் இல்லை.
லிஃப்டில் ஒருவர் ஏறினால்
மற்றவருக்குப் படிக்கட்டு.

கொத்தினேன். சுரண்டினேன். தூசியை உறிஞ்சினேன்.
ஈரத்துணியால் துடைத்து
மறுபடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
கை வெள்ளையானால் இன்னொரு தடவை.
பிரைமர். காயட்டும்.
தொப்பையைச் சுற்றிப் பூசி நிரவினேன். காயட்டும்.
தரைக்கு வாட்டம் கொடுத்தேன்,
மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர்,
நிற்கிறவருக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும்.
காயட்டும்.
"இன்னுமா?" என்றார் ஹெல்துர்.
இன்னும்தான்.

சுவரும் தரையும் சேருமிடத்தில்
ரப்பர் பட்டை வைக்க வேண்டும்.
இரண்டும் தனித்தனியே அசைபவை,
குளிரில் ஒன்று, வெயிலில் ஒன்று.
இறுக்கிக் கட்டினால் கீறும்.
நெளிந்து கொடுக்க நடுவில் ஏதாவது இருந்தால்
பல வருஷம் தாங்கும்.

நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை.
முதல் கை நீலம், கிடையாக.
இரண்டாவது சாம்பல், நெடுக்காக.
நீலம் எங்காவது எட்டிப் பார்த்தால்
அங்கே நான் சோம்பியிருக்கிறேன் என்று அர்த்தம்.
கதவுப் பக்கம் ஒரு நாணயம் அளவு பார்த்தது.
பூசினேன், யாரிடமும் சொல்லவில்லை.

வடிகாலை அடைத்து நீர் விட்டேன்.
வாசலில் ஒரு தடுப்பு,
சுவரில் பென்சில் கோடு,
இருபத்துநாலு மணி நேரம்.
மறுநாள் கோடு கோடாகவே இருந்தது.
"கீழே போய்க் கூரையைப் பார்க்க வேண்டும்" என்றேன்.
"போங்களேன்."
"வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும், விதி."
அப்படி ஒரு விதியும் கிடையாது.

சவரம் செய்துகொண்டார்.
பதினாறு படி இறங்கக் கோட்டு மாட்டிக்கொண்டார்.
நான் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
குழாய்ச் சந்து வழியே கேட்டேன்:
மணி, நீண்ட ஒன்றுமில்லாமை,
தாழ்ப்பாள்.
நாற்காலி இழுபடும் ஓசை.
யாரோ ஏறுகிறார்கள், யாரோ பிடித்துக்கொள்கிறார்கள்.
பிறகு மேற்கூரையில் துடைப்பக் கட்டை,
என் காலடியில்,
தொம், தொம்.

வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை.
"காய்ந்துதான் இருக்கிறது.
ஆனால் அவர் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.
அந்த ரொட்டிச் சத்தம்.
திங்கட்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்கிறார்."

அடைப்பைப் பிடுங்கினேன்.
நாலு மூலையிலிருந்தும் நீர் கிளம்பி
வடிகாலுக்கு நடந்தது.
பெட்டிகள் நடைவழியில் அப்படியே.
"இனி ஒட்டலாமா?" என்றார்.

காயட்டும்.